கணக்கு ஒன்று, இடமும் ஒன்று: பைத்தானில் ஃபங்ஷன் எழுதத் தொடங்குபவர்களுக்கு

ஆட்டுத் தோலின் ஓரத்தில் 5² என்று குறித்திருந்தால், பள்ளிக் கணக்கு மட்டும் படித்தவருக்கு அது 25. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தவருக்கு 5.2. தோல் வியாபாரத்தில் இருப்பவருக்கோ அது ஐந்தரைச் சதுர அடி. மேலே சின்னதாக நிற்கும் எண், கால் அடி எத்தனை என்று சொல்வது அந்தத் தொழிலின் பழைய வழக்கம். 5¹ என்றால் ஐந்தேகால், 5³ என்றால் ஐந்தேமுக்கால். அடி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரையை 5.2 என்று ஏற்றும் ஒவ்வொரு முறையும் 30 ரூபாய் போகிறது. முழு அடி, கால், அரை, முக்கால் நான்கும் சமமாகக் கலந்த 1,000 தோல் கொண்ட ஒரு லாட்டில் 22,500 ரூபாய் போகும். புரோகிராம் எங்கேயும் நிற்காது, திரையில் சிவப்பாக எதுவும் வராது, பில் மட்டும் குறைவாக வரும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பைத்தான் கற்கத் தொடங்கும் இளைஞர்களில் பலருக்கு வீட்டிலோ தெருவிலோ டேனரி, ஷூ கம்பெனி தொடர்பு இருக்கும். ஃபங்ஷன் எதற்கு என்ற கேள்வியை அவர்களிடம் இந்தக் குறியிலிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் எண்ணம்.

பாடப்புத்தகங்கள் வேறு இடத்திலிருந்து தொடங்குகின்றன. ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இருக்க ஃபங்ஷன் வேண்டும் என்பார்கள். கூடவே மிக்ஸி வரும்: தேங்காயும் மிளகாயும் உள்ளே போகிறது, சட்னி வெளியே வருகிறது. மனசில் நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் இப்படிக் கற்றவர் ஒரு தவறான அளவுகோலோடு வெளியே வருகிறார். இரண்டு இடத்தில் வருகிற வரிகளுக்குத்தான் ஃபங்ஷன், ஒரே இடத்தில் வந்தால் தேவையில்லை என்று நினைக்கிறார். என் அனுபவத்தில் ஆரம்பநிலைக் குழப்பங்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் முளைக்கிறது. எழுதும் வேலையைக் குறைப்பது ஃபங்ஷனின் உபரி லாபம். அதன் முதல் வேலை, கணக்குக்குள் ஒளிந்திருக்கும் ஒரு முடிவை வெளியே எடுத்து, பெயர் வைத்து, ஒரே இடத்தில் உட்கார வைப்பது. மேலே நிற்கும் 2 என்பது அரை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவு புரோகிராமில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் வேண்டும். அது ஒரே முறை பயன்பட்டாலும் வேண்டும்.

முழுக்கத் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டுமானால் ‘எழில்’ மொழி இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய அந்த மொழியே பைத்தானில் எழுதப்பட்டதுதான். அதில் நம் தோல் கணக்கு இப்படி வரும்:

நிரல்பாகம் சதுர_அடி(முழு, கால்)
    பின்கொடு முழு + கால் * 0.25
முடி

பைத்தானில் முதல் சொல் டெஃப், இரண்டாம் வரியில் பின்கொடு இருக்கும் இடத்தில் ரிட்டர்ன். இவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். முதல் வரி முடிவில் கோலன் வைத்து, அடுத்த வரியை நான்கு இடம் உள்ளே தள்ள வேண்டும். முடி என்று தனியாக எழுதத் தேவையில்லை; உள்தள்ளல் எங்கே நிற்கிறதோ அங்கே ஃபங்ஷனும் முடிகிறது. 2008இல் வந்த பைத்தான் 3 முதல், சதுர_அடி என்ற பெயரை அப்படியே தமிழில் வைக்கலாம். அடைப்புக்குள் இருக்கும் முழு, கால் இரண்டும் வெளியிலிருந்து வர வேண்டியவை. டெஃப் எழுதியதாலேயே எதுவும் நடந்துவிடாது என்பதைப் புதியவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சதுர_அடி(5, 2) என்று அழைத்தால்தான் உள்ளே இருக்கும் வரி ஓடி 5.5 வரும். கால் என்ற இடத்தில் 4 வந்தால் என்ன செய்வது? நான்கு கால் ஒரு முழு அடி. அப்படி யாரும் குறிக்க மாட்டார்கள், ஆகவே அது ஏற்றியவரின் பிழை. ரெய்ஸ் போட்டு அங்கேயே நிறுத்துவது நல்லது. இந்தச் சோதனையை எழுதுவதற்கும் இப்போது ஓர் இடம் கிடைத்துவிட்டது, கவனியுங்கள். தோல் குறியை எழுத்தாகவே உள்ளே வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ² என்ற எழுத்து இலக்கமா என்று ‘இஸ்டிஜிட்’ மூலம் கேட்டால் பைத்தான் ஆமாம் என்கிறது. அதையே ‘இன்ட்’டிடம் கொடுத்தால் முடியாது என்று பிழை காட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால் ௧௨ என்று தமிழ் எண்ணில் கொடுத்தால் ‘இன்ட்’ மறுபேச்சில்லாமல் 12 என்று வாங்கிக்கொள்ளும்.

ரிட்டர்ன் பற்றி நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் இடறும் இடம் அது. ஃபங்ஷனுக்குள் பிரின்ட் போட்டால் 5.5 திரையில் தெரிகிறது, வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அந்த விடையை விலையால் பெருக்கப் போகும்போதுதான் பிழை வருகிறது. திரையில் காட்டியதைத் தவிர அந்த ஃபங்ஷன் யாரிடமும் எதையும் கொடுக்கவில்லை. ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன் திருப்பித் தருவது ‘நன்’ என்ற வெறுமை. வெறுமையை 100 ரூபாயால் பெருக்க பைத்தான் மறுக்கிறது. காட்டுவது மனிதனுக்கு, கொடுப்பது அடுத்த கணக்குக்கு. கணக்குப் போடும் ஃபங்ஷனில் பிரின்ட் கூடாது என்பதை ஆரம்பத்தில் கண்டிப்பான விதியாகவே வைத்துக்கொள்ளலாம். ‘நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க பிரின்ட் வேண்டாமா?’ என்று கேட்பார்கள். பார்ப்பதற்குப் போடுங்கள், பார்த்தபின் எடுத்துவிடுங்கள். ஓராயிரம் தோலுக்கு அதே ஃபங்ஷனை அழைக்கும் நாளில் திரையில் ஓராயிரம் வரி ஓடுவது யாருக்கும் உதவாது.

முடிவுக்கு ஓர் இடம் வேண்டும் என்று சொன்னதற்குத் தோலைவிட வலுவான சாட்சி ஒன்று இதே வட்டாரத்தில் உண்டு. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கும் கணியம்பாடி, ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) பாகாயத்தில் இருக்கும் சமுதாய நலத்துறை, சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் அந்த ஒன்றியத்தில் பல பத்தாண்டுகளாகப் பிறப்பு, இறப்பு, கர்ப்பம், தடுப்பூசி எல்லாவற்றையும் கிராமம் கிராமமாகப் பதிந்து கணினியில் ஏற்றிவருகிறது. அங்கே எந்த மொழியில் புரோகிராம் எழுதினார்கள் என்பது நமக்கு முக்கியமில்லை. இப்படிப்பட்ட பதிவேட்டிலிருந்து ஒரு விகிதம் எடுக்க என்ன தேவை என்று பாருங்கள். சிசு மரண விகிதம் என்றால் ஒரு வயது முடியாத குழந்தைகளின் இறப்பை, அந்த ஆண்டு உயிருடன் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்து, 1,000ஆல் பெருக்க வேண்டும். பச்சிளம் குழந்தை மரணம் என்றால் 28 நாள் எல்லை. பேறுகாலத்தை ஒட்டிய மரணம் என்றால் முதல் ஏழு நாளின் இறப்போடு, இறந்தே பிறந்த குழந்தைகளும் சேரும். கீழே வகுக்கும் எண்ணிலும் இறந்தே பிறந்தவர்கள் சேர வேண்டும். எத்தனை வாரக் கர்ப்பத்துக்கு மேல் ‘இறந்தே பிறந்தது’ என்று கணக்கில் எடுப்பது? நாடுகளை ஒப்பிட உலக சுகாதார நிறுவனம் 28 வாரம் என்கிறது. 22 வாரத்திலிருந்து எண்ணும் வழக்கமும் உண்டு. எல்லையைக் கீழே இறக்கினால், களத்தில் எதுவுமே மாறாமல் விகிதம் மட்டும் ஏறும்.

இதைத்தான் ஃபங்ஷனின் அடைப்புக்குள் எழுத வேண்டும். இறந்தே பிறந்தவை, ஏழு நாள் இறப்பு, உயிர்ப் பிறப்பு என்ற கட்டாய உள்ளீடுகளாகப் பட்டியல்களைக் கொடுத்துவிட்டு, கடைசியாக வாரம்=28 என்று எழுதினால், யாரும் எதுவும் சொல்லாதவரை 28 என்று எடுத்துக்கொள்ளும். 22 வேண்டுமென்பவர் அழைக்கும் இடத்தில் வாரம்=22 என்று வெளிப்படையாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். யார் எதை மாற்றினார்கள் என்பது அழைத்த வரியிலேயே தெரிகிறது. அதே 28, ஃபங்ஷன் இல்லாத 400 வரிப் புரோகிராமின் நடுவில் ஒரு இஃப் வரிக்குள் வெறும் எண்ணாக உட்கார்ந்திருந்தால், பச்சிளம் குழந்தைக்கான 28 நாளுக்கும் இந்த 28 வாரத்துக்கும் பார்வையில் வித்தியாசமே இல்லை. ஒன்றைத் தேடி மாற்றப் போனவர் இரண்டையும் மாற்றிவிடுவார். இன்னொரு முடிவும் உள்ளே இருக்கிறது. சின்ன கிராமத்தில் ஒரு மாதம் பிறப்பே இல்லாமல் போகலாம், அப்போது வகுக்கும் எண் பூஜ்யம், பைத்தான் பிழை காட்டி நிற்கும். புதியவர்கள் உடனே ‘பூஜ்யமாக இருந்தால் பூஜ்யம் திருப்பிக் கொடு’ என்று எழுதிவிடுகிறார்கள். பிறப்பே இல்லாத ஊரும், நூறு பிறந்து நூறும் பிழைத்த ஊரும் அறிக்கையில் ஒன்றாகிவிடும். இங்கே ‘நன்’ திருப்பித் தருவதுதான் நேர்மை. ரிட்டர்னை மறந்ததால் வரும் ‘நன்’ பிழை. யோசித்துத் தரும் ‘நன்’ பதில்.

வரையறையை மாற்றினால் எண் எவ்வளவு மாறும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கும் கணியம்பாடியே பதில் சொல்கிறது. இறந்தவரின் குடும்பத்தாரையும் ஊராரையும் நேரில் விசாரித்து இறப்பின் காரணத்தை மருத்துவக் குழு முடிவு செய்யும் முறை ஒன்று உண்டு. அந்த முறையில் 1994 முதல் 1999 வரை இந்த ஒன்றியத்தில் நடந்த இறப்புகளை ஆராய்ந்த கட்டுரை 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தற்கொலை இறப்பு ஆண்டுக்கு லட்சம் பேருக்கு சுமார் 95 என்று அது காட்டியது; அரசுப் பதிவுகளை வைத்துச் சொல்லப்பட்டுவந்த தேசியச் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டு எண்ணுக்கும் வகுத்தல் சூத்திரம் ஒன்றுதான். ஒன்று ஓர் ஒன்றியத்துக்கு, மற்றது நாட்டுக்கு என்பதோடு, ஓர் இறப்பை எந்தக் காரணத்தின் கீழ் வைப்பது என்ற முடிவும் வேறு. சூத்திரம் எழுதுவது எளிது, அதை யாரும் தப்பாகப் போடுவதில்லை. அதற்கு முன்னால் நிற்கும் வகைப்படுத்தலைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து வைத்தால்தான் அதைப் பற்றி வாதாட முடியும், மாற்றிப் பார்க்க முடியும்.

உள்ளே தேவைப்படுவது எல்லாம் அடைப்பு வழியாகவே வர வேண்டும் என்று வற்புறுத்துவதற்கும் இந்த வட்டாரமே உதாரணம் தருகிறது. ஆம்பூர் எந்த மாவட்டம்? 2019 நவம்பர் வரை வேலூர், அதற்குப் பின் திருப்பத்தூர். ராணிப்பேட்டையும் அப்போதே தனி மாவட்டமானது. கணியம்பாடியும் பேரணாம்பட்டும் வேலூரிலேயே தங்கின. ஆகவே மாவட்டம்(ஊர்) என்ற ஃபங்ஷன் எவ்வளவு அழகாக எழுதினாலும் தப்பு. மாவட்டம்(ஊர், தேதி) என்றுதான் இருக்க முடியும். தேதியை ஃபங்ஷனுக்கு வெளியே எங்கோ ஒரு பொது மாறியில் வைத்துவிட்டு உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கலாம், பைத்தான் தடுக்காது. பிறகு யாராவது அந்த மாறியை வேறு வேலைக்காக மாற்றினால், நேற்று வேலூர் என்ற அதே அழைப்பு இன்று திருப்பத்தூர் என்னும். ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை தருகிற ஃபங்ஷனைத்தான் நம்பி அடுத்த வரி எழுத முடியும். உள்ளீடு என்னென்ன என்று அடைப்பைப் பார்த்தே சொல்ல முடியாவிட்டால், அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

இயல்பு மதிப்பு கொடுப்பதைப் பாராட்டிவிட்டு அதில் இருக்கும் குழியைச் சொல்லாமல் விடக் கூடாது. லாட்_சேர்(தோல், பட்டியல்=[]) என்று எழுதி, வந்த தோலைப் பட்டியலில் சேர்த்துத் திருப்பித் தருகிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய காலிப் பட்டியல் கிடைக்கும் என்றுதான் படிக்கிற எவரும் நினைப்பார். பைத்தானோ டெஃப் வரியைப் படிக்கும்போது ஒரே ஒரு பட்டியலை உருவாக்கி அதையே கடைசிவரை வைத்துக்கொள்கிறது. காலை லாட்டின் தோல்கள் மாலை லாட்டிலும் வந்து நிற்கும். எண்ணுக்கும் எழுத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் 28ஐ உள்ளிருந்தபடியே மாற்ற முடியாது. பட்டியலும் அகராதியும் மாறக்கூடியவை. பட்டியல்=நன் என்று வைத்து, ஃபங்ஷனுக்குள் ‘நன்னாக இருந்தால் புதிதாக ஒன்று உருவாக்கு’ என்று எழுதுவதே வழி.

இப்போது எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். ஒரே மாதிரி வரிகள் இரண்டு இடத்தில் இருந்தால் அவற்றையாவது ஒரே ஃபங்ஷன் ஆக்கலாமே என்பார்கள். எல்லா நேரத்திலும் அல்ல. ஷூவின் மேல்பாகம் வெட்டும்போது போகும் வேஸ்டேஜுக்காகத் தேவையான தோல் அளவை 1.10ஆல் பெருக்குகிறோம், ஏஜென்ட் கமிஷனுக்காக விலையையும் 1.10ஆல் பெருக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி அச்சாக ஒன்றுதான். பத்து_சதவீதம்_கூட்டு என்று ஒரே ஃபங்ஷன் எழுதினால் பார்க்க லட்சணமாக இருக்கும். அடுத்த மாதம் நல்ல தோல் வந்து வேஸ்டேஜ் எட்டு சதவீதமாகக் குறைகிறது. உள்ளே 1.08 என்று மாற்றியதும் ஏஜென்டின் கமிஷனும் வெட்டுப்படுகிறது. இரண்டும் வெவ்வேறு ஆட்களின் வெவ்வேறு முடிவுகள், தற்செயலாக எண் ஒத்துப்போனது. ஒரு மாற்றம் வந்தால் இரண்டும் சேர்ந்தே மாறியாக வேண்டுமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ஒரே ஃபங்ஷன், இல்லை என்றால் எழுத்து ஒத்திருந்தாலும் இரண்டு. திரும்ப எழுதுவதைத் தவிர்ப்பதே குறி என்று கற்றவர்களிடம் இந்தக் கேள்வி இருப்பதில்லை.

‘முப்பது வரிப் புரோகிராமுக்கு இவ்வளவு எதற்கு?’ என்ற எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஒரு முறை ஓட்டித் தூக்கி எறியும் முப்பது வரியை நேராகவே எழுதுங்கள். ஆனால் சம்பளமோ பில்லோ அந்த முப்பது வரியிலிருந்து வருமானால் அது தூக்கி எறியப்படாது என்பது எழுதும்போதே தெரிந்த விஷயம். பீஸ் ரேட் கூலியை முழு ரூபாய்க்கு மாற்ற ‘ரவுண்ட்’ போடுகிறீர்கள். பைத்தான் 3இல் 2.5க்கு விடை 2, 3.5க்கு 4, சரிபாதி வந்தால் அருகிலிருக்கும் இரட்டை எண்ணுக்குப் போகும். வேலை செய்தவர் ஐம்பது காசு வந்தால் மேலே என்றுதான் கணக்கு வைத்திருப்பார். அதை ரூபாயாக்கு என்ற இரண்டு வரி ஃபங்ஷனில் வைத்திருந்தால் ஒரே இடத்தில் திருத்திவிடலாம். நேராக எழுதியிருந்தால் எத்தனை ‘ரவுண்ட்’ என்று தேட வேண்டும். எக்ஸெலில் ஒரு ஃபார்முலாவை 600 வரிக்கு இழுத்துவிட்டு, நடுவில் பத்து வரியில் மட்டும் கையால் திருத்தியவர்களுக்கு இந்த வலி நன்றாகப் புரியும்.

ஃபங்ஷன் அதிகமானால் ஒன்றைப் படிக்கப் பத்து இடத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது என்பது இன்னொரு புகார். உண்மைதான், பெயர் மோசமாக இருந்தால். கணக்கு1, கணக்கு2, செய் என்றெல்லாம் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே போய்ப் பார்த்தே தீர வேண்டும். பெயரைப் படித்ததும் உள்ளே போகாமல் தாண்டிவிட முடிந்தால், தாவல் குறையவே செய்யும். அளவு அலகையும் பெயரில் சேர்ப்பது என் பழக்கம். உள்ளூர் விலை சதுர அடியில் இருக்கும், வெளிநாட்டு ஆர்டர் சதுர மீட்டரிலோ டெசிமீட்டரிலோ வரும். ஒரு சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர். வெறும் பரப்பு என்ற ஃபங்ஷன் 46 என்று திருப்பித் தந்தால் அது எது? நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பரில் தொலைந்தது இதே வகைப் பிழையால்தான்: ஒரு மென்பொருள் பவுண்டுக் கணக்கில் கொடுத்த எண்ணை, அடுத்தது நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. பரப்பு_சதுர_அடி, பரப்பு_சதுர_டெசி என்று பெயர் நீண்டால் நீளட்டும். வேகம் குறையும் என்ற பயத்தையும் விட்டுவிடலாம். ஓர் அழைப்பின் செலவு ஒரு மைக்ரோ செகண்டுக்கும் குறைவு, 2022இல் வந்த பைத்தான் 3.11 அதையும் மேலும் குறைத்திருக்கிறது.

பெயரைத் தமிழில் வைப்பதா ஆங்கிலத்தில் வைப்பதா என்று கேட்டால், கற்கும் காலத்தில் தமிழ் என்பேன். பொருள் புரிந்து வைத்த பெயர் தமிழில்தான் வரும் என்றால் அதுவே நல்ல பெயர். கம்பெனியில் பிற மாநிலத்தவரோடு சேர்ந்து எழுதும்போது ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளலாம், ஃபங்ஷனின் உள்ளே எதுவும் மாறாது. எந்த மொழியில் வைத்தாலும், டெஃப் வரிக்கு அடுத்தே மும்மேற்கோளுக்குள் விளக்கம் எழுத பைத்தான் இடம் தருகிறது. ‘ஹெல்ப்’ என்று கேட்டால் அதைத்தான் காட்டும். அங்கே ‘இது சதுர அடி கணக்கிடும்’ என்று எழுதுவது வீண். பெயரே அதைச் சொல்கிறது. மேலே நிற்பது கால் அடி எண்ணிக்கை, 0 முதல் 3 வரை மட்டும் வரும், இந்த டேனரியின் குறிப்புமுறை, இன்ன தேதியில் அளவு பார்ப்பவரிடம் கேட்டு உறுதி செய்தது என்று எழுதுங்கள். ஃபங்ஷன் முடிந்தபின், அதற்கு வெளியே, சதுர_அடி(5, 2) 5.5 தர வேண்டும் என்று ஓர் ‘அசெர்ட்’ போட்டு வைத்தால், நாளை யார் உள்ளே கை வைத்தாலும் அது முதலில் கத்தும்.